இரண்டாமவர் இயல்: அபூர்வ டார்ச் ஏலம் பற்றிய நூற்பாக்களும் உரையும்

பாயிரம்

திமிங்கிலம், நெப்போலியன், பணவீக்கம் முதலிய பெரும்பொருள்களை ஆராய ஆள் நிரம்பிவிட்டது. தாமதமாக வந்த அறிஞன் உட்கார இடம் தேடினால், யாரும் துண்டு போட்டு வைக்காத துறை ஒன்றுதான் மிச்சம்: அபூர்வமான டார்ச் லைட் ஒன்றை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் டார்ச் பிரியர்களின் கூட்டத்தைக் காப்பாற்றும் கலை. இதில் முன்னோர் யாரும் நூல் செய்யவில்லை. ஆகவே பின்பற்ற முன்னோர் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதியான நிலம் அமையாது.

நிகழ்ச்சி இதுதான். அமெரிக்காவில் டார்ச் சேகரிப்போர் தம்மைத் தாமே ‘ஃபிளாஷாஹாலிக்’ என்று அழைத்துக்கொள்வார்கள். குடிப்பழக்கத்தை நினைவூட்டும் பெயர், வேண்டுமென்றே வைத்துக்கொண்டது. இவர்களுக்குப் பொதுச் செலவுகள் உண்டு. வெளிச்சம் அளக்கும் கருவி வாங்க வேண்டும். புதிய டார்ச் ஒன்றை ஊர் ஊராக, ஆள் மாற்றி ஆளுக்கு அனுப்பிப் பார்க்கத் தபால் செலவு. இருட்டான இடமாகப் பார்த்து ஒன்றுகூடுவதற்கும் செலவு. சந்தா கேட்டால் எல்லோரும் நாளைக்கு என்பார்கள். அப்போது, கார் கொட்டகையில் லேத் வைத்திருக்கும் ஓர் உறுப்பினர், உலகில் ஒன்றே ஒன்று என்று சொல்லத்தக்க டார்ச் ஒன்றைக் கடைந்து, ‘இதை ஏலம் விட்டுக்கொள்ளுங்கள்’ என்று கூட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஏலம் சூடு பிடிக்கிறது. எடுக்கப் போகிறவரிடம் முன்பே நாற்பது டார்ச் இருக்கும். அவர் தெருவில் தெருவிளக்கு எரியும். பையில் கிடக்கும் கைபேசியிலும் ஒரு டார்ச் இருக்கும். ஆயினும் கடை டார்ச்சைப்போல் பல மடங்கு பணம் கொடுத்து நாற்பத்தொன்றாவதை எடுத்துக்கொண்டு, பெருமூச்சு விடுகிறார்.

இதில் மூன்று வினாக்கள் எழுகின்றன. விற்ற பொருள் என்ன? அதற்கு விலை எப்படி ஏறியது? அந்தப் பணம் கூட்டத்துக்கு யாரால் வந்தது? முதல் இரண்டும் தொழில்நுட்பக் கேள்விகள். உழைத்தால் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விடை தவறு. அதைத் திருத்துவதே இந்நூலின் பயன்.

1. கருவி இயல்

நூற்பா: ஒளிதரு கருவிக்கு ஒளிதரல் கடையே.

இதன் பொருள்: வெளிச்சம் தருவதற்காகச் செய்த கருவிக்கு, வெளிச்சம் தருவது கடைசி வேலை என்றவாறு.

டார்ச்சின் பிறப்பிலேயே இந்தக் குணம் இருக்கிறது. 1899 ஜனவரி 10 அன்று டேவிட் மைசெல் என்பவருக்கு அமெரிக்காவில் 6,17,592 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. ஒரு குழாய், அதற்குள் வரிசையாக பேட்டரிகள், முனையில் ஒரு பல்பு. கான்ராட் ஹ்யூபர்ட்டின் கம்பெனி அதைச் செய்து விற்றது. பிற்காலத்தில் எவரெடி என்று உலகம் அறிந்தது அந்த வழி வந்ததுதான். அன்றைய பேட்டரிக்கு வலு குறைவு. கரி இழை பல்புக்கோ பசி அதிகம். இரண்டையும் ஒரே குழாயில் குடிவைத்ததால் தொடர்ந்து எரிய முடியாமல் கண் சிமிட்டிக் கண் சிமிட்டித்தான் பிழைத்தது. தொடக்கத்தில் சில டார்ச்சுகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்கு அந்தக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஆகவே, டார்ச்சும் நன்கொடையும் உடன்பிறந்தவை என்பது பெற்றாம்.

அடுத்த எண்பது ஆண்டுகளைச் சுருக்கிச் சொல்லலாம்: பேட்டரிக்கு வலு வந்தது, பல்புக்குப் பசி குறைந்தது. 1979-ல் கலிஃபோர்னியாவில் ஆண்டனி மாக்லிகா, அலுமினியத்தில் கடைந்த மேக்லைட்டைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் போலீசுக்கு அது விளக்காகவும் தடியாகவும் பயன்பட்டது. 1993-ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார், நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசி வெள்ளையை வரவழைத்தார்கள். 2014-ல் நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு. மனித குலத்தின் வெளிச்சப் பஞ்சம் அத்துடன் தீர்ந்தது. தீர்ந்த பிறகுதான் டார்ச் பிரியர் உற்பத்தி பெருகியது என்பதைக் கவனிக்க வேண்டும். பசி தீர்ந்தவன்தான் சாப்பாட்டில் உப்பு குறை சொல்வான்.

டார்ச் பிரியரின் ஆராய்ச்சி நடக்கும் இடம் காடன்று, மலையன்று. வீட்டு வெள்ளைச் சுவர். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு டார்ச்சைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடிப்பார்கள். ஒன்றின் வெள்ளையில் பச்சை எட்டிப் பார்க்கும், மற்றதில் இளஞ்சிவப்பு. பச்சை தெரிந்துவிட்டால் அந்த டார்ச்சின் மானம் போயிற்று. இருட்டில் வழி தேடுகிறவன் கண்ணுக்கு இது படாது. ஆனால் இருட்டில் வழி தேடுகிறவன் இந்த இயலின் ஆய்வெல்லைக்குள் வருவதில்லை.

வெளிச்சத்தை அளப்பதிலும் இவர்கள் பிறரை நம்புவதில்லை. ஆய்வகங்களில் உட்புறம் வெண்மை பூசிய ஒரு கோளத்துக்குள் ஒளியைச் செலுத்தி மொத்த லூமெனைக் கணக்கிடுவார்கள். கோளம் வாங்க வழியில்லாத பிரியர், பி.வி.சி. குழாயை வளைத்தும் தெர்மாகோல் பந்தைக் குடைந்தும் தாமே செய்துகொள்கிறார். கம்பெனிகளுக்கும் ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 தரநிலையின்படி, டார்ச்சை ஏற்றியவுடன் லூமெனை அளக்கக் கூடாது, குறைந்தது 30 வினாடி பொறுக்க வேண்டும்; ஏற்றிய கணத்தில் யாரும் சூரன்தான். ஒளி எட்டும் தூரம் என்பது 0.25 லக்ஸாக அது தேயும் இடம் வரைக்கும். 0.25 லக்ஸ் என்பது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். அதாவது, ஆயிரம் மீட்டர் எட்டும் டார்ச் என்றால், ஆயிரம் மீட்டருக்கு அப்பால் பௌர்ணமி உண்டாக்கும் டார்ச். மாதத்தில் ஒரு நாள் அது இலவசமாகவே கிடைக்கிறது.

இனி உலோகம். எல்.இ.டி. சூடேறினால் மங்கும், ஆகவே டார்ச்சின் உடல் சூட்டை வாங்கிக் கையில் கடத்த வேண்டும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட். 6061 என்னும் அலுமினியக் கலவைக்கு ஏறத்தாழ 167. பிரியர்கள் உயிரை விடும் ஐந்தாம் தர டைட்டானியத்துக்கு ஏறத்தாழ 7. சூட்டை வெளியேற்றுவதில் இவற்றுள் கடைசி மாணவன். விலையிலும் கௌரவத்திலும் முதல் மாணவன். லேத்தில் கடைவதற்கும் பிடிவாதக்காரன், வெட்டுளியைத் தின்றுவிடும். கடைந்தவரின் பாடு அதிகமென்பதே அதன் பெருமைக்குக் காரணம் என்று கொள்க.

டார்ச்சின் உடலில் வரி வெட்டி, சின்னஞ்சிறு டிரிட்டியக் குழாய்களைப் பதிப்பதும் உண்டு. உள்ளே இருப்பது கதிரியக்க ஹைட்ரஜன். அது சிதையும்போது குழாயின் உட்பூச்சு மங்கலாக ஒளிரும். பேட்டரி வேண்டாம். 12.3 ஆண்டில் பாதியாகும். எதற்கு என்றால், இருட்டில் டார்ச் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு. விளக்கைக் கண்டுபிடிக்க ஒரு விளக்கு.

கையில் இரண்டு டார்ச் இருந்தால் ஒன்று பையில் போகும், ஒன்று பெட்டியில் இருக்கும். பெட்டியில் இருப்பதற்குப் பிரியர்கள் ‘அலமாரி ராணி’ என்று பொருள்படும் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்த அபூர்வ டார்ச் அநேகமாக ராணியாகிவிடும். கீறல் விழும் என்று கையில் எடுக்கமாட்டார்கள், எடுக்காததால் எரியாது. ஆகவே நூற்பா நிறுவப்பட்டது.

2. ஏல இயல்

நூற்பா: மெழுகு அணையும்முன் மிகுத்தவர்க்கு உரித்தே.

இதன் பொருள்: கெடு முடிவதற்குள் யார் கடைசியாக அதிகம் கேட்டாரோ பொருள் அவருக்கே என்றவாறு.

விளக்கும் ஏலமும் சேர்ந்து நடந்த தொழில் ஒன்று 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தது. ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைப்பார்கள். சுடர் அணையும் கணத்தில் யார் கேட்ட தொகை நிற்கிறதோ அவருக்குப் பொருள். ஆங்கிலக் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ், கப்பல்கள் இப்படி விலை போனதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1662 செப்டம்பரில் அவர் பார்த்த ஏலத்தில் ஒருவர் மட்டும் சரியான கணத்தில் குரல் கொடுத்து வென்றுகொண்டே இருந்தார். விசாரித்தபோது ரகசியத்தைச் சொன்னார்: சுடர் அணையப் போகும்போது மேலே போகும் புகை கீழே இறங்கும். எல்லோரும் சுடரைப் பார்த்திருக்க, அவர் புகையைப் பார்த்திருந்தார்.

இந்த வழக்கம் முழுக்க ஒழிந்துவிடவில்லை. பெர்க்‌ஷயரின் ஆல்டர்மாஸ்டன் கிராமத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு வயலின் குத்தகையை மெழுகுவர்த்தி ஏலத்தில் விடுகிறார்கள். வர்த்தியில் ஒரு குதிரை லாட ஆணியைச் செருகிவைப்பார்கள். மெழுகு உருகி ஆணி விழும்போது கடைசியாகக் கேட்டவருக்கு வயல்.

இணைய யுகத்துக்கும் இதே நோய். பியர் ஒமிட்யார் 1995-ல் பிற்பாடு ஈபே ஆன ஏலத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விலை போனது ஓர் உடைந்த லேசர் சுட்டி, 14.83 டாலர். உடைந்தது தெரியுமா என்று கேட்டால், வாங்கியவர் உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவர் என்று விடை வந்தது. எரியாத ஒளிக்கருவிக்குச் சந்தை உண்டு என்னும் நம் முதல் நூற்பாவை உலகின் பேரேலக்கடை தன் முதல் விற்பனையிலேயே மெய்ப்பித்திருக்கிறது.

ஈபே ஏலம் குறித்த நேரத்தில் முடிந்துவிடும். எனவே கடைசி வினாடி வரை மூச்சுக் காட்டாமல் இருந்து ஒரே அடியாக அடிப்பவர்கள் பெருகினார்கள். அமேசானும் அந்நாளில் ஏலம் நடத்தியது. அங்கே கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் கெடு நீண்டுவிடும். இரண்டையும் ஒப்பிட்டு ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸும் 2002-ல் எழுதிய ஆய்வில், கடைசி வினாடிக் கூட்டம் ஈபேயில்தான் அதிகம் என்று காட்டினார்கள். நம் ஊர் ஏலக்காரர் ஆய்வு எதுவும் படிக்காமலே இந்தக் கெடு நீட்டிப்பைச் செய்துவருகிறார். ‘ஒரு தரம், ரெண்டு தரம்...’ என்று இழுத்து நிறுத்தி முகங்களைப் பார்க்கிறார் அல்லவா, அந்த இடைவெளிதான் அது. அந்த இடைவெளியில் அவர் யார் முகத்தைப் பார்க்கிறார்? வென்றுகொண்டிருப்பவரை அல்ல. தோற்கப் போகிறவரை. இது அடுத்த இயலுக்குத் தோற்றுவாய்.

3. இரண்டாமவர் இயல்

நூற்பா: விலையை நிறுத்தினோர் வென்றோர் அல்லர்.

இதன் பொருள்: ஏலத்தில் விலையை நிர்ணயிப்பவர் அதை எடுத்தவர் அல்லர், அவரிடம் தோற்றவர் என்றவாறு.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். டைட்டானிய டார்ச் ஒன்று ஏலத்தில் இருக்கிறது. ஒருவர் மனத்துக்குள் 900 டாலர் வரை போவதாக வைத்திருக்கிறார். இன்னொருவர் 600 வரை. மூன்றாமவர் 250 வரை. பத்துப் பத்தாக ஏறுகிறது. 250 தாண்டியதும் மூன்றாமவர் கழன்றுகொள்வார். 600-ல் இரண்டாமவர் கழன்றுகொள்வார். முதல்வர் 610 சொல்லி எடுத்துக்கொள்வார். அவர் மனத்திலிருந்த 900 அவர் மனத்திலேயே இருக்கும். யாருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

இப்போது முதல்வரின் ஆசை 900-லிருந்து 9,000 ஆகட்டும். விலை? அதே 610. இரண்டாமவரின் ஆசை 600-லிருந்து 800 ஆகட்டும். விலை 810. முதல்வரின் பெருந்தன்மை எவ்வளவு பொங்கினாலும் கூட்டத்தின் பெட்டிக்கு ஒரு காசு கூடாது. இரண்டாமவரின் ஒவ்வொரு டாலரும் அப்படியே பெட்டியில் விழும். அதுவும் அவர் பையிலிருந்து அல்ல, முதல்வர் பையிலிருந்து. தன் காசு செலவழிக்காமல் ஊருக்கு நன்மை செய்வதை அரசியல் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே அது தோல்வி என்ற பெயரில் நடக்கிறது.

ஏலத்தில் நின்ற விலை என்பது இரண்டாமவரின் எல்லையோடு ஒரு படி என்பதை 1961-ல் கணிதமாக எழுதியவர் வில்லியம் விக்ரி. எல்லோரும் மூடிய உறையில் தொகையை எழுதித் தரட்டும். அதிகம் எழுதியவர் எடுக்கட்டும். ஆனால் இரண்டாமவர் எழுதிய தொகையை மட்டும் கொடுக்கட்டும். அப்போது யாருக்கும் பொய் எழுதக் காரணம் இராது என்றார். 1996 அக்டோபரில் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாளில் விக்ரி இறந்துபோனார். ஆனால் இந்த முறையை 1893-லேயே அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள், தபாலில் கேட்போரின் வசதிக்காகக் கையாண்டுவிட்டார்கள். நோபல் அறிஞருக்கு 68 ஆண்டு முன்னால் தபால்தலை சேகரிப்போர். பொழுதுபோக்குக்காரர்களைக் குறைத்து மதிப்பிடும் பல்கலைக்கழகங்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாமவருக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. அதற்குச் சான்று ரோமாபுரி. கி.பி. 193 மார்ச் 28 அன்று பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படையினர், ரோமப் பேரரசையே ஏலத்துக்கு விட்டார்கள். பாசறைக்குள்ளே சுல்பிசியானஸ், மதிலுக்கு வெளியே டிடியஸ் ஜூலியானஸ். ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை என்று இருவரும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவர் 20,000 செஸ்டர்ஸில் நிற்கும்போது, வெளியே இருந்தவர் கையால் காட்டி, குரல் எழுப்பி, ஒரே தாவலில் 25,000 சொன்னார். ஏலம் முடிந்தது. வென்றவர் 66 நாள் ஆண்டார், பின் கொல்லப்பட்டார். தோற்றவர் மேலும் நான்காண்டு இருந்தார். வீரர்களுக்கு விலையை 20,000 வரை ஏற்றித் தந்த சுல்பிசியானஸுக்குப் படையினர் நன்றி சொன்னதாக எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. இரண்டாமவரின் பெருமை மறைக்கப்படுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

4. கொடை இயல்

நூற்பா: கொடை எனில் கூசுவர், ஏலம் எனில் ஏறுவர்.

இதன் பொருள்: நன்கொடை தா என்றால் கையை இழுத்துக்கொள்பவர், ஏலம் என்றால் வரிந்துகட்டுவார் என்றவாறு.

இதற்குப் பிற நிலத்துச் சான்றுகள் காட்டுவோம். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தலில் இரத்தினவேல் முருகன் கோயிலில், பங்குனி உத்திரத் திருவிழாவின்போது வேலில் குத்திவைத்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். பிள்ளை வரம் வேண்டும் தம்பதியர் போட்டி போட்டு எடுப்பார்கள். 2024-ல் ஒன்பது பழமும் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. ஹைதராபாத் பக்கத்தில் பாலாப்பூர் பிள்ளையாரின் கையில் வைத்த லட்டு, 1994-ல் முதன்முதலாக 450 ரூபாய்க்கு ஏலம் போனது. 2024-ல் 30 லட்சத்து ஆயிரம். அந்தப் பணம் ஊர் நன்மைக்குப் போகிறது. அந்த எலுமிச்சம்பழத்தைச் சாறு பிழிந்து ஜூஸ் விலையோடு ஒப்பிட யாரும் துணிவதில்லை. அதுபோல டைட்டானிய டார்ச்சின் விலையை லூமெனால் வகுத்துப் பார்ப்பவன் ஏலத்தை அறியாதவன்.

மூன்று இடத்திலும் நடப்பது ஒன்றே. ஊர்ப் பெட்டிக்குப் பணம் போடும் கையை ஊரே பார்க்கிறது. ஆனால் யாரும் அதைத் தற்பெருமை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் கையில் பொருள் இருக்கிறது. பொருளைக் கேட்டால் காரணம் சொல்லலாம்: பிள்ளை வரம், பிள்ளையார் பிரசாதம், ஐந்தாம் தர டைட்டானியம்.

இந்தக் காரணத்தை அமெரிக்க வரித்துறை நம்ப மறுக்கிறது. தொண்டு நிறுவனம் நடத்தும் ஏலத்தில் பொருளின் நியாயமான சந்தை விலைக்கு மேல் கொடுத்த மிகுதியை மட்டுமே நன்கொடையாகக் காட்டலாம். சந்தை விலையைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்திருக்கவும் வேண்டும். பொழுதுபோக்குக் கழகங்கள் பெரும்பாலும் வேறு பிரிவில் வருவதால் அவற்றுக்கு இந்தச் சலுகையே இல்லை. ஆயினும் ஆராய்ச்சிக்காக உண்டென்று வைத்துக்கொள்வோம். உலகில் ஒன்றே ஒன்றான டார்ச்சுக்குச் சந்தை விலை என்ன? அது விலை போன சந்தை இந்த ஏலம் ஒன்றுதான். அங்கே நின்றது 610. ஆகவே சந்தை விலை 610, மிகுதி பூஜ்யம், நன்கொடை பூஜ்யம். அபூர்வம் கூடக்கூடத் தர்மம் குறைகிறது. பத்துக் கடையில் கிடைக்கும் அலுமினிய டார்ச்சைப் பத்து மடங்கு விலைக்கு எடுப்பவனே உண்மையான வள்ளல் என்பது வரித்துறையின் முடிபு. தத்துவ நூல்களில் இத்தனை கண்டிப்பான அறம் காண்பதரிது.

பொருளியலாளர்கள் இன்னும் கடுமையானவர்கள். தர்ம ஏலத்தில் பணம் அதிகம் சேர வேண்டுமானால், வென்றவர் மட்டுமல்ல, கேட்ட எல்லோரும் தாம் கேட்ட தொகையைக் கட்டிவிட்டுப் போகட்டும் என்று 2005-ல் ஹோரேயும் அவர் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காரணம் நுட்பமானது. சாதாரண ஏலத்தில், எதிராளியைத் தாண்டிக் கேட்டால் அவர் கொடுக்கவிருந்த பணம் பொதுப் பெட்டிக்கு வராமல் போகிறதே என்ற தயக்கம், பெட்டிமேல் அக்கறை உள்ளவருக்கு இருக்கும். எல்லோரும் கட்டினால் அந்தத் தயக்கம் போய்விடும். கணக்கு சரி. ஆனால் இரண்டாமவர் 600 டாலரைக் கட்டிவிட்டு, டார்ச்சும் இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டிய காட்சி அந்தச் சமன்பாட்டில் எந்த எழுத்தாகவும் இடம் பெறவில்லை.

இரண்டாமவரைத் தண்டித்தால் என்ன ஆகும் என்பதை மார்ட்டின் ஷுபிக் 1971-லேயே ஒரு விளையாட்டாகக் காட்டினார். ஒரு டாலர் நோட்டு ஏலத்தில். அதிகம் கேட்டவர் நோட்டை எடுப்பார். இரண்டாமவரும் தாம் கேட்டதைக் கட்ட வேண்டும், ஆனால் எதுவும் கிடைக்காது. இரண்டாமவராகக் கூடாது என்ற பயத்தில் இருவரும் ஏற்றிக்கொண்டே போய், ஒரு டாலர் நோட்டு ஒரு டாலருக்கு மேல் விலை போய்விடும். இதிலிருந்து, இரண்டாமவராக இருப்பது சுகமாக இருக்கும் வரையில்தான் ஏலம் ஏலமாக இருக்கும், இல்லாவிட்டால் அது வெட்டுக்குத்து என்று அறிக.

5. கடாவும் விடையும்

கடா 1: முதல்வருக்குக் காய்ச்சல் வந்து அவர் வராமல் போனால், 600-காரரும் 250-காரரும் மோதி, 260-ல் முடியும். இரண்டாமவருக்குக் காய்ச்சல் வந்தாலும் 900-காரரும் 250-காரரும் மோதி, 260-லேயே முடியும். இழப்பு இருவராலும் 350 டாலர்தான். அப்படியிருக்க இரண்டாமவருக்கு மட்டும் என்ன தனிப் பெருமை?

விடை: நல்ல கடா. இருவர் காய்ச்சலின் விலையும் ஒன்றே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒருவருக்கு டார்ச் கிடைத்தது, கைதட்டல் கிடைத்தது, பெட்டியைத் திறந்து படம் எடுக்கும் உரிமை கிடைத்தது. மற்றவருக்குக் கிடைத்தது ‘பாவம்’ என்ற ஒரு சொல். சம உழைப்புக்குச் சம ஊதியம் தருவது நாகரிக உலகின் வழக்கு. ஆகவே அநீதி நிகழ்ந்திருக்கிறது என்பதும், அதன் அளவு 350 டாலர் என்பதும் கடாவினாலேயே நிறுவப்பட்டன.

கடா 2: இரண்டாமவர் இத்தனை முக்கியமானால், ஏலம் நடத்துகிறவர்களே ஓர் ஆளை நிறுத்தி ஏத்திவிடலாமே? நல்ல காரியத்துக்குத்தானே?

விடை: கூடாது. அவர் இரண்டாமவர் அல்லர். இரண்டாமவர் வேடம் போட்டவர். வேறுபாட்டை அறிய ஒரு சோதனை உண்டு: எல்லோரும் மௌனமானால், உண்மையான இரண்டாமவர் பணத்தை எடுப்பார், வேடக்காரர் வியர்வையைத் துடைப்பார். அமெரிக்காவின் ஒருசீர் வணிகச் சட்டத்தொகுப்பு 2-328-வது பிரிவில் இதை அழகாகத் தீர்க்கிறது. விற்பவர் சார்பில் கேட்பார்கள் என்று முன்னறிவிப்பு இல்லாமல் அப்படிக் கேட்டிருந்தால், எடுத்தவர் வேண்டாம் என்று விட்டுவிடலாம். அல்லது அதற்குமுன் நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்ட கடைசித் தொகைக்குப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். நல்லெண்ணத்தோடு கேட்டுத் தோற்றவரின் சொல்லைச் சட்டமே நிலைநிறுத்துகிறது. இரண்டாமவருக்கு நமக்கு முன்பே ஒரு நூல் மரியாதை செய்திருக்கிறது என்பதை இங்கே நேர்மையாகப் பதிவு செய்கிறோம்.

கடா 3: கடைந்து கொடுத்தவரை மறந்துவிட்டீரே? அவர் இல்லாவிட்டால் டார்ச் ஏது?

விடை: மறக்கவில்லை. அவர் டைட்டானியத்தையும் வெட்டுளிகளையும் பல வார இரவுகளையும் கொடுத்தார். ஆனால் லேத் வைத்திருப்பவருக்குக் கடைய ஒரு காரணம் கிடைப்பதே பெரும்பேறு. வீட்டில் ‘எதற்கு இதெல்லாம்’ என்ற கேள்விக்கு ‘சங்கத்துக்காக’ என்று சொல்ல முடிந்ததல்லவா? அவர் கணக்கு அங்கேயே நேராகிவிட்டது.

6. முடிபு

மேற்கூறியவற்றால், அபூர்வ டார்ச் ஏலத்தில் பொதுப் பெட்டியை நிரப்புபவருள் நன்றி பெறாதவர் இரண்டாமவரே என்று நிறுவினோம். ஆராய்ச்சிக் கட்டுரை பரிந்துரையோடு முடிய வேண்டும் என்பது மரபு. ஆகவே, இனி ஏலம் முடிந்ததும் இரண்டாமவர் பெயரைச் சொல்லி ஒரு பாராட்டுப் பத்திரமும், முடிந்தால் ஒரு சிறிய அலுமினிய டார்ச்சும் தரலாம் என்று முதலில் எழுதத் துணிந்தோம்.

ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டபோது கை நின்றது. பத்திரமும் டார்ச்சும் கிடைக்குமென்றால், கூடியிருப்போர் அனைவரும் இரண்டாமவராகவே பாடுபடுவர். ஒருவர் கேட்டுவிட்டு, மேலே யாராவது போகட்டும் என்று காத்திருப்பார், யாரும் போகமாட்டார்கள். எல்லோரும் தோற்கப் பார்க்கும் ஏலம் ஆரம்ப விலையிலேயே உறைந்துவிடும். அந்த டைட்டானிய டார்ச் 10 டாலருக்குக்கூட நகராது. ஷுபிக்கின் ஏலம் இரண்டாமவரைத் தண்டித்துக் கெட்டது; நம் ஏலம் அவரைக் கொண்டாடிக் கெடும். அவர் இருக்க வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவே: தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை.

எனவே பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறோம். இரண்டாமவருக்கு நன்றி சொல்லக் கூடாது. அவர் தோற்றுவிட்டதாகவே அவரும் மற்றவர்களும் நம்ப வேண்டும்; அடுத்த முறை எப்படியும் எடுத்தே தீருவேன் என்று வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டத்தின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் அந்தக் கோபத்தின்மேல்தான் நிற்கிறது. இந்த உண்மை டார்ச் பிரியர்கள் காதுக்கு எட்டாமல் இருப்பது பொதுநலத்துக்கு அவசியமாகையால், இக்கட்டுரையை யாரும் அவர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, ஆய்வை நிறைவு செய்கிறோம்.